தூருக்கு ஊற்றிய தண்ணீர்

பொய் சொல்வதில் மகாராணி கெட்டிக்காரி இல்லை. ஒரு கரண்டி காப்பித்தூள் கேட்டு வந்தவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் டப்பாவோடு அவள் பின்னாலேயே போய் நிற்கிற ஆள். அப்பேர்ப்பட்டவள் பதினாலு மாதம் ஒரே பொய்யைக் கட்டிக் காப்பாற்றினாள் என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான். புருஷன் சாகக் கூடாது.

போடிமெட்டுக்கு மேலே, எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், ரோட்டுக்குக் கீழே சரிவில் நான்கு ஏக்கர் ஏலக்காடு. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் யோசேப்பு அய்யாவுக்குச் சொந்தம். கோட்டைச்சாமியும் மகாராணியும் பத்தொன்பது வருஷமாக அதை வாரத்துக்குப் பார்க்கிறார்கள். காயில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு. உரமும் மருந்தும் அவர் கொடுப்பார், பாடு இவர்களுடையது. காய் உலர்த்துகிற ஸ்டோரை ஒட்டி இரண்டு அறை வீடு. அதுவும் அவருடையதுதான். காடு போனால் வீடும் போகும். கீழே போடியில் இவர்களுக்கென்று ஒரு குச்சுகூடக் கிடையாது. ஒரே மகள் அருணா, அவளும் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள்.

மருந்து என்று மலையில் யாராவது சொன்னால் காய்ச்சலுக்குச் சாப்பிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. இலைப்பேனுக்கு இலையில் அடிப்பது, அழுகலுக்கும் புழுவுக்கும் செடியின் அடித்தூரில் ஊற்றுவது, எல்லாமே மருந்துதான். மாதம் ஒரு தரம் அடித்தே ஆக வேண்டும். ஒருத்தன் விட்டால் ஊர்ப்பட்ட பூச்சியும் அவன் காட்டுக்குத்தான் வரும் என்று பயம். அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. மருந்து அடிப்பதில் கோட்டைச்சாமிக்கு ஈடாக அந்தச் சரிவில் ஆள் இல்லை. மூக்கில் ஒரு துண்டு, வாயில் வெற்றிலை, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரு நாளில் ஆறு டிரம் காலி பண்ணுவான். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைதான் போன வருஷம் மாசியில் அவனைக் கவிழ்த்தது. ஐந்தாவது டிரம் பாதியில் குப்புற விழுந்தான். வாயில் நுரை, கண்ணில் தண்ணீர். பக்கத்துக் காட்டுச் சீனிச்சாமியின் ஜீப்பில் போட்டு, போடிக்கு மலைரோட்டின் பதினேழு வளைவும் இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு இருக்கிறதா என்று மகாராணி அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கிளம்பும்போது டாக்டர் மகாராணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நெஞ்சு பாதிதாம்மா வேல செய்யுது. இன்னொரு தடவ மருந்து வாசம் பட்டுச்சுன்னா இங்க கூட்டிட்டு வராதீங்க. வீணா அலையணும்."

இப்படிக்கூட ஒரு டாக்டர் சொல்வாரா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்தபோது, மெதுவாகச் சொல்லியிருந்தால் தனக்கு உறைத்திருக்காது என்று பட்டது.

யோசேப்பு அய்யா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இனி மருந்துக்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். மருந்து அடிக்காவிட்டால் காடு கெட்டுப்போகும், முடியாதென்றால் சீனிச்சாமியிடம் ஒப்படைத்துவிடலாம், அவன் ரொம்ப நாளாகக் கேட்கிறான் என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் மகாராணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் அடிக்கிறேன்யா. சுப்புத்தாய் கூட இருக்கா. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிறோம்" என்றாள்.

சுப்புத்தாய் காய் எடுக்க வருகிற பெண். ஒண்டிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சொல்லாதே என்றால் சொல்ல மாட்டாள். இரண்டு பேரும் பங்குனியில் பம்பைத் தூக்கினார்கள். முதல் நாளே மகாராணிக்குக் கை தோலுரிந்தது, சோறு இறங்கவில்லை. இந்த விஷத்தையா இந்த மனுஷன் இத்தனை வருஷம் குடித்தான் என்று ஓஸ் குழாயைப் பிடித்தபடியே அழுதாள். வீட்டில் இருப்பவனுக்குக் காற்று வாக்கில் வாசம் போகுமே என்று வேறு பயம். அடிக்கிற நாளில் அவனைப் போடிக்கு, அவன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். இவர்கள் வேகத்துக்கு நாலு ஏக்கரை ஒரு சுற்று முடிக்கவே மாதம் போனதால், வாரத்தில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அவன் ஜீப் ஏறிக்கொண்டிருந்தான். இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அந்தத் தூரைப் பார்த்தாள்.

வேர் அழுகிச் செத்துவிட்டது என்று முந்தின வருஷம் அவளே தோண்டி வீசியெறிந்த ஏலத்தூர். சாணி, கழித்த தட்டைத் தண்டு, சருகு எல்லாம் கொட்டுகிற குழியில் போய் விழுந்திருந்தது. அதிலிருந்து ஏழு தட்டை கிளம்பி நின்றது. கட்டைவிரல் மொத்தம், ஆள் உயரம், இலை கறுகறுவென்று. காட்டுக்குள் வருஷம் பூராவும் உரமும் மருந்தும் தின்கிற செடி மஞ்சளடித்து நிற்கிறது. தூக்கியெறிந்த சனியன் இங்கே கொழுத்துக் கிடக்கிறது. மகாராணி குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை விரலால் விலக்கினாள். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. மண் கறுப்பாக, பொலபொலவென்று, கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. காட்டு மண்ணை அவளுக்குத் தெரியும். மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் மண்வெட்டி ணங்கென்று திரும்பும்.

இதைக் காட்டுக்குள் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் சுப்புத்தாயிடம் சொன்னாள். சுப்புத்தாய் சிரித்தாள். நாலு ஏக்கருக்குக் குப்பை சேர்ப்பதற்குள் உனக்குப் பேத்தி பிறந்து அது பெரிய மனுஷி ஆகிவிடும் என்றாள். அதனால்தான் பாதிக் காடு என்று முடிவானது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மேல்காட்டுக்கு வழக்கம்போல மருந்து. ஓடையை ஒட்டிய கீழ்க்காட்டுக்குக் குப்பை மட்டும்.

குப்பை போடுவது என்றால் அள்ளிக் கொட்டுவது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். முதல் குவியலில் பச்சைத் தட்டையையே குவித்தார்கள். அது மக்கவில்லை, நாறியது. ஈ மொய்த்தது. அப்புறம்தான் ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு போட்டால் நாறாது என்று பிடிபட்டது. தட்டையைக் கையளவு நறுக்கி, நிழல் மரத்துச் சருகைப் பரப்பி, மேலே சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். தேவாரம் பக்கத்திலிருந்து ஆட்டுப் புழுக்கை மூட்டை மூட்டையாக, ஆள் ஏற்றி வருகிற ஜீப்பிலேயே வந்தது. மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் கை சுட்டது. இருபது நாளுக்கு ஒரு தரம் கிளறிப் புரட்டினார்கள். சூடு அடங்கி, எது தட்டை எது சாணி என்று தெரியாமல் போக நாலு மாதம் ஆனது. பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பக்குவம்.

அதற்குப் பிறகும் ஒரு தப்புச் செய்தாள். பாசத்தில் செய்கிற தப்புத்தான். செடிக்கு நல்லதுதானே என்று தூரோடு அணைத்துக் குவித்துவிட்டாள். ஏலத்துக்குப் பூச்சரம் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும். குப்பைக்குள் புதைந்த சரம் அத்தனையும் அழுகிப்போனது. பன்னிரண்டு தூரில் ஒரு காய் இல்லை. சுப்புத்தாய் நாலு நாள் அவளைப் பேசியே கொன்றாள். அப்புறம் சரத்தையெல்லாம் தூக்கி விட்டு, தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டார்கள். அந்த வருஷம் மழைக்கு மேல்காட்டில் நாற்பது தூர் அழுகியது. கீழ்க்காட்டில் மூன்று.

இலைக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து அடித்தாள். காயில் கொஞ்சம் சொறி விழத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடை நின்றது. பக்கத்துக் காட்டுச் சீனிச்சாமி பார்த்துவிடக் கூடாதே என்று, மருந்து நாளில் கீழ்க்காட்டுக்கும் ஓஸை இழுத்துக்கொண்டு போய்த் தூருக்குத் தூர் வெறும் தண்ணீரை ஊற்றினாள். மிஞ்சிய மருந்துக் கேன்களை மூடி திறக்காமல் விறகுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் அடுக்கினாள். அதில் ஒன்றைக்கூட விற்கவில்லை. விற்றால் திருட்டு, ஊற்றாமல் வைத்தால் பொய் மட்டும்தான் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

கோட்டைச்சாமி குப்பையைப் பார்த்தான், சும்மா எருப் போடுகிறாள் என்று நினைத்தான். அடிக்கிற நாளில் போடியில் இருப்பவனுக்கு, கீழ்க்காட்டில் அடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? பாதிக் காட்டோடு வேலை முடிந்ததால் அவன் போடிக்கு ஓடுகிற நாளும் பாதியானது. மார்கழிக் குளிரில்கூட இழுப்பு வரவில்லை. வருஷம் திரும்பினால் மேல்காட்டுக்கும் குப்பை சேர்ந்துவிடும், பிறகு மருந்தே வேண்டாம் என்று மகாராணி மனசுக்குள் கோட்டை கட்டினாள்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மூன்றரை மாதம் ஒரு பொட்டு மழை இல்லை. மலை பூராவும் ஏலம் சுருண்டது. சீனிச்சாமி காட்டில் தட்டைகள் நடுவில் மடிந்து தொங்கின. யோசேப்பு அய்யா முகம் செத்துப்போய்த்தான் ஜீப்பிலிருந்து இறங்கினார். மேல்காட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். கீழ்க்காட்டுக்கு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இலை சுருளவில்லை. புதுச் சரம் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமியைத்தான் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் மகாராணியைக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்ன மருந்து ஊற்றினாய் என்றார். நீங்கள் கொடுத்ததுதான் அய்யா, நம்ம வீட்டில் அளவு தப்பாமல் ஊற்றினாள் என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக. அவர் அவன் தோளில் தட்டினார்.

"மேக்காட்டுக்கு அளவு பத்தல கோட்டை. அதான் வித்தியாசம். மொத மழை விழுந்த ஒடனே நாலு ஏக்கருக்கும் ரெண்டு பங்கா ஊத்திருவோம். நானே கொண்டாறேன். நம்ம பக்கத்துக் காட்டுக்காரங்க நாலு பேரையும் கூட்டியாறேன், பாக்கட்டும்."

"வாங்கய்யா. இந்தத் தடவ நானே ஊத்துறேன். இப்ப மூச்சு நல்லாத்தான் இருக்கு."

மகாராணி காப்பித் தம்ளரை ஏந்திக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். எதைச் சொல்வாள்? அவன் பிழைத்திருக்கட்டும் என்று செய்த காரியம், அவனை இரண்டு மடங்கு விஷத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மண் செய்த வேலைக்கு மருந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறது. கொடுமை.

அடுத்த செவ்வாய் மழை விழுந்தது. சனிக்கிழமை வருவதாக அய்யாவிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கோட்டைச்சாமி ஓஸ் முனைக் கண்ணில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தான். விசில் வேறு. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துக்கொடுத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மகாராணி வாயைத் திறந்தாள். முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவன் எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போனான். சாக்கைத் தூக்கிப் பார்த்தான். வந்து உட்கார்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஒரு வருசமா தண்ணியவா ஊத்துன?"

"தண்ணியும் குப்பையும்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பீகளா? பம்ப நீங்க தூக்கியிருப்பீக. இப்ப நான் வளையல் இல்லாம நிப்பேன்."

அவன் ஓஸைத் தள்ளி வைத்தான். தலையைத் தலையை ஆட்டினான்.

"அய்யாட்டப் போயி இதச் சொன்னா நம்புவாரா? கேன எங்கயோ வித்துட்டு, கேள்வி வரவும் மிச்சத்தக் காட்டுறோம்னுதான் சொல்லுவாரு. பத்தொம்போது வருசம், ராணி. ஒரு காயி களவாண்டான்னு ஒருத்தன் சொன்னதில்ல என்னைய."

"அதுக்காக உசுரக் குடுப்பீகளா?"

"ஒரு நாள் சோலி. மூக்கக் கட்டிக்கிட்டு ஊத்திட்டா, இது நமக்குள்ளயே முடிஞ்சுபோகும்."

சொல்லிவிட்டு அவன் ஓஸை மறுபடி எடுத்துக்கொண்டான். சொன்னால் மானம் போகும், காடு போகும், வீடு போகும். சொல்லாவிட்டால் ஆளே போவான். இரண்டில் எதைப் பிடித்துத் தொங்குவது? அன்றைக்குப் பூராவும் அவள் கை வேலை செய்தது, மனசு அந்த ஒரே இடத்தில் மாடு செக்கைச் சுற்றுவது போலச் சுற்றியது. சுப்புத்தாயிடம் கேட்டாள். எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற சுப்புத்தாய் அன்றைக்குச் சாணி அள்ளப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. அய்யாவோடு நாலு காட்டுக்காரர்கள், சீனிச்சாமியும் சேர்த்தி. கேன் கேனாக மருந்து இறங்கியது. டிரம்மில் கலக்கினார்கள். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் குப்பென்று கிளம்பியது. கோட்டைச்சாமிக்கு இரண்டு இருமல் வந்தது. அவன் அதைத் தொண்டையைச் செருமுவது போல மறைத்தான். அவ்வளவுதான், மகாராணிக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். நேரே போய் அவன் கையிலிருந்த ஓஸைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க. நான் ஊத்துறேன்."

நாலு பேர் முன்னால் பொம்பளை பிடுங்குகிறாளே என்று அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டான். மேடேறிக் காற்று வருகிற பக்கம் போய் நில்லுங்கள் என்று அதட்டினாள், அதற்கும் போனான். கீழ்க்காட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம், நல்ல காட்டை முதலில் பார்ப்போம் என்றார் அய்யா.

முதல் தூருக்கு ஊற்றினாள். கறுத்த மண் மருந்தை உறிஞ்சியது. இரண்டாவது, மூன்றாவது. தன் கையால் கிளறி, புரட்டி, பதம் பார்த்துப் போட்ட குப்பைமேல் தன் கையாலேயே விஷத்தை ஊற்றிக்கொண்டு போனாள். பெற்ற பிள்ளைக்கு ஊற்றுவது போல இருந்தது. கண்ணைத் துடைக்கக்கூட முடியாது, கையெல்லாம் மருந்து. பத்தாவது தூருக்குப் போயிருப்பாள்.

"அண்ணே, இங்க பாருங்க" என்றான் சீனிச்சாமி.

முதல் தூரைச் சுற்றி மண் அசைந்துகொண்டிருந்தது. மண்புழு. ஒன்று இரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. சிவந்தது, கறுத்தது, விரல் நீளம், சாண் நீளம், எல்லாம் மருந்து தாங்காமல் மேலே வந்து துடித்தன. இரண்டாவது தூரிலும் அப்படியே. நாலு காட்டுக்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். சீனிச்சாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என் காட்டுல மண்புழுவப் பாத்து எட்டு வருசமாச்சுண்ணே. மருந்து ஊத்துன மண்ணுல ஒரு புழு தங்காது. இங்க இம்புட்டுக் கெடக்குன்னா, இது மருந்தே பாக்காத காடு."

யோசேப்பு அய்யா நிமிர்ந்தார். அவர் மகாராணியைப் பார்க்கவில்லை, மேட்டில் நின்றவனைத்தான் பார்த்தார்.

"கோட்டை. ஊத்துனியா, ஊத்தலையா?"

அவன் இறங்கி வந்தான். எனக்குத் தெரியாது, இவள்தான் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பேர் பிழைக்கும். அது உண்மையும்கூட. மகாராணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஊத்தலைங்கய்யா" என்றான். "நாங்க ரெண்டு பேருமாத்தான் ஊத்தல. மருந்து பூராம் கொட்டாயில இருக்கு. மூடி தொறக்கல. வந்து பாத்துக்கங்க."

போய்ப் பார்த்தார்கள். கேனை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கி மூடியைத் திருகிப் பார்த்தார் அய்யா. திருட்டு இல்லை என்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. பத்தொன்பது வருஷம் நம்பியவனைப் பொய்யன் என்றார். நாலு பேர் முன்னால் தன்னைக் கிறுக்கனாக்கிவிட்டதாகச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பேசி ஓய்ந்தபின் மறுபடி கீழ்க்காட்டுக்குப் போனார். மருந்து படாத ஒரு தூரடியில் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். பிடித்தார், தட்டினார், உதிர்ந்தது. ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். வியாபாரி இல்லையா, சரக்கைக் கையில் எடுத்தால் தரம் தெரிந்துவிடும்.

"இங்க பாரு கோட்டை" என்றார் எழுந்து. "ஒன்னைய வெளிய போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. கீழ்க்காட்ட இனிமே நானே ஆளு போட்டுப் பாத்துக்கிறேன். இதுக்கு மருந்தும் போட மாட்டேன். மேக்காடு ரெண்டு ஏக்கர நீங்க வச்சுக்கங்க, வீட்டுலயும் இருந்துக்கங்க. ஆனா உரமும் கெடையாது, மருந்தும் கெடையாது. ஒங்களுக்குத்தான் குப்ப போடத் தெரியுமே."

ஜீப் போய்விட்டது. சுப்புத்தாய் அதன் பின்னால் காறித் துப்பிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மகாராணி சோப்பைப் போட்டு முழங்கை வரை நாலு தரம் கழுவினாள். பிறகு இரண்டு பேரும் மேல்காட்டுக்கு ஏறினார்கள். மஞ்சளடித்த தட்டைகள், சுருண்ட இலை, நாற்பது தூர் செத்த வெற்றிடம். மழை பெய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் மண் பொருக்குத் தட்டியிருந்தது. கோட்டைச்சாமி குதிகாலால் ஓங்கி மிதித்தான். ஒன்றும் பெயரவில்லை.

"இது எப்பப் புள்ள தேறும்?"

"மூணு வருசமாகும். நாலுகூட ஆகலாம்."

"அதுவரைக்கும் என்னத்தத் திங்கிறது? நல்ல காட்டையும் குடுத்துட்டு."

"மத்த காட்டுக்குக் கூலிக்குப் போறேன். களையெடுக்க, காயெடுக்க."

"மருந்தடிக்கத்தான் கூப்புடுவாங்க. அதுக்குத்தான் ஆளு இல்ல."

ஆமாம், அதற்குத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். சீனிச்சாமி ஜீப்பில் ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் அதைப் புருஷனிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு பொய்யை இறக்கி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்தது வந்து வாசலில் நிற்கிறது.

"என்ன பேசாம இருக்க?" என்றான்.

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். மேடேறி வந்தவன் நின்று இளைப்பாறவில்லை, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"சீனிச்சாமி அண்ணே கூப்புட்டாக. திங்கக்கிழமையிலருந்து அவுக காட்டுக்கு மருந்தடிக்க" என்றாள். "நான் இன்னும் பதில் சொல்லல."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, பொருக்குத் தட்டிய மண்ணில் குப்பைக்குழிக்கு ஒரு சதுரம் கிழித்தான். கிழித்துவிட்டு ஓங்கி முதல் வெட்டு வெட்டினான்.

"வேணாம்னு சொல்லிரு" என்றான்.

"சோத்துக்கு?"

"தெரியல."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு சருகு பொறுக்கப் போனாள்.